கீழாநெல்லி மாத்திரை என்ன ஆச்சு?

அசோக் நகரில் ஒரு மழை பெய்தால் போதும். காம்பவுண்டு சுவர் ஓரமெல்லாம் கீழாநெல்லி முளைத்துவிடும். காமாலை என்றால், "பறிச்சு அரைச்சு மோருல குடி" என்று சொல்ல வீட்டுக்கு ஒரு பாட்டி உண்டு.

இதை விஞ்ஞான முறைப்படி சோதித்ததும் நம்ம ஊர்தான்! தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கேதான்.

பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், 'ஹெபடைடிஸ் பி' கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத கேப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் இது வெளியானது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய அமெரிக்க டாக்டர் புளும்பெர்க்கின் பெயரும் அதில் இருந்தது.

ஆச்சு, 35 வருஷத்துக்கு மேல். கல்லீரல் டாக்டர் சீட்டில் எழுதித் தரும் மாத்திரையாக வந்ததா? இல்லை.

தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தார்கள். பலிக்கவில்லை. நம் சோதனை தப்பா, அவர்கள் செடி வேறா? மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் செடியின் சத்து மாறும். வேலை செய்வது எந்தச் சத்து, எத்தனை மில்லிகிராம் என்று பிரித்தெடுத்து, நூற்றுக்கணக்கான பேருக்குக் கொடுத்து, வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும். கோடிகள் வேண்டும். சுவர் ஓரம் ஓசியில் முளைக்கிற செடிக்கு எந்தக் கம்பெனி கோடியைக் கொட்டும்?

(இந்த மருந்து முறைக்குப் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் 1987-லேயே அமெரிக்காவில் பேடண்ட் வாங்கி வைத்தது. அவர்களாலும் மருந்துக் கடைக்குக் கொண்டுவர முடியவில்லை!)

இதே கிருமிக்கு ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் தடுப்பூசி கொண்டு வந்தது. அரசு ஆராய்ச்சிக்கூடமான சி.சி.எம்.பி. இடம் கொடுத்தது, ஓமன் நாட்டிலிருந்து முதலீடு வந்தது. தரமணிக்கு அப்படி யார் வந்தார்கள்?

கம்பெனி வராத இடத்தில் சர்க்கார்தான் வர வேண்டும். வேலை செய்கிறது, இல்லை என்று இரண்டில் ஒன்றை முடித்துச் சொல்ல வேண்டும். அதுவரை நாட்டு மருந்துக் கடையில் 'லிவர் பவுடர்' வாங்குகிறவன் இருட்டில்தான் காசு கொடுக்கிறான்.

சாதாரணக் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பேர் கீழாநெல்லிக்கு! 'பி' கிருமி அப்படியல்ல. சத்தமில்லாமல் கல்லீரலை அரிக்கும். ரத்தப் பரிசோதனையில் 'பி' என்று வந்தவர்கள் மோரை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போங்கள். கிருமியை அடக்கி வைக்கும் மாத்திரை இப்போது இருக்கிறது.