படிக்க வருகிறவர்களுக்கு யார் டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, நர்சிங் மாணவி, நம் கிராமத்துக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே, "கடல் கடந்து வந்து நம் பிள்ளைகளுக்குச் சேவை செய்யும் தெய்வம்" என்று எழுதியிருந்தார்கள். இருபது பேர் கும்பிட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெண் மேல் கோபமில்லை. நல்ல பிள்ளையாகத்தான் இருப்பாள். "சேவை" என்ற வார்த்தைதான் உறுத்தியது. அவள் வந்தது படிக்க. ஊருக்குத் திரும்பியதும் அதற்கு மதிப்பெண் உண்டு, சான்றிதழ் உண்டு. படிக்க வந்தவளைத் தெய்வம் என்றால், அவளுக்குச் சொல்லிக்கொடுப்பவரை என்ன சொல்வது?

வெளிநாட்டு மருத்துவ, செவிலிய மாணவர்கள் நான்கு வாரம், ஆறு வாரம் என்று வந்து சமுதாய சுகாதாரம் படிப்பது வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் சிஎம்சி. 1909இல் நர்சுகளுக்கான பயிற்சிப் பள்ளி, 1946இல் செவிலியர் பட்டப்படிப்பு. குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தவர் அவர். பிறகு கணியம்பாடி ஒன்றியத்துக்குப் பாகாயத்திலிருந்து இயங்கும் 'சாட்' வந்தது. கே.வி.குப்பத்தில் 1977இல் 'ருஷா' வந்தது. அரசு பக்கம் எடுத்துக்கொண்டால் சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அவர்கள் பாடத்திட்டத்தில் நாம் "வளரும் நாடு". ஆனால் வளர்ந்த நாட்டுப் பிள்ளை வந்து பார்த்துப் படிக்கும் அளவுக்கு இங்கே விஷயம் இருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான்.

அந்த விஷயம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளிக்கு வரும் நர்சம்மாவும் நானும் பல வருடம் ஒரே டவுன் பஸ்ஸில் போனவர்கள். குடற்புழு மாத்திரை கொடுக்க, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட என்று அவர் பள்ளிக்கு வருவார். என்னை அக்கா என்பார். அவர் கர்ப்பிணிகளைத் தேடி வீட்டுக்குப் போகமாட்டார். காலை பத்து மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்குப் போவார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டால் எல்லாரும் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். அதனால் அப்படிக் கேட்கமாட்டார். "வெளிக்குப் போறது கறுப்பா இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்பார். மாத்திரை உள்ளே போனால் கறுப்பாகத்தான் போகும். "இல்லைக்கா, எப்பவும் போலத்தான்" என்று பதில் வந்தால், மாத்திரை அரிசிப் பானையிலோ குப்பையிலோ இருக்கிறது என்று அர்த்தம். உடனே திட்டமாட்டார். அடுத்த வாரம் மாமியாரைப் பிடிப்பார். "டீ குடிச்ச கையோட மாத்திரை போடக் கூடாது, நீங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கணும்" என்று பொறுப்பை அவர் தலையில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு மாத்திரை தவறாது.

டீயோடு இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பது புத்தகத்தில் இருக்கிறது. மாமியாரை எப்படிக் கூட்டுச் சேர்ப்பது என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

நர்சம்மாவுடன் ஆறு வாரம் நடந்த ஒரு வெளிநாட்டு மாணவியை எனக்குத் தெரியும். பேனாவும் நோட்டும் தவிரக் கையில் ஒன்றும் இருக்காது. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ஊர் வரைபடம் போட்டாள். கைபம்பு எங்கே, சாக்கடை எங்கே தேங்குகிறது, எந்தத் தெருவில் எந்தத் தொட்டி மூடாமல் கிடக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. காலனித் தெருவுக்கும் ஊர்த் தெருவுக்கும் தனித்தனித் தண்ணீர்த் தொட்டி ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டாள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் கேட்காத கேள்வி அது. அவளுக்கு அது சுகாதாரப் பாடம், எங்களுக்கும் பாடம்தான். இப்படி ஒருத்தி வந்தால் ஊருக்கும் ஏதோ கிடைக்கிறது.

எல்லாரும் இப்படி வருவதில்லை. வேறொரு முறை ஒரு அமைப்பு மூலமாக ஒரு குழு வந்தது. எந்த அமைப்பு, எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. பள்ளியில் கேம்ப் என்றார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, விரலில் குத்தி ரத்தம் எடுக்க ஊசியைப் பிரித்துவிட்டாள் ஒரு மாணவி. எத்தனையாவது வருடம் என்று கேட்டேன். இரண்டாம் வருடம். உங்கள் ஊர்ப் பள்ளியில், கூட ஒரு பதிவு பெற்ற நர்ஸ் நிற்காமல் இதைச் செய்ய விடுவார்களா என்றேன். தயங்கி, "இல்லை" என்றாள். "அப்போ இங்கேயும் இல்லைம்மா. பெற்றோர் கையெழுத்தோடு நர்சம்மா வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். கூட வந்தவருக்கு என் மேல் வருத்தம். அந்தப் பெண் பிறகு தனியாக வந்து நன்றி சொன்னாள். அவளுக்கே பயமாகத்தான் இருந்திருக்கிறது.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி நான்கு வருடம் பிஎஸ்சி நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனி போகத் தயாராகிறாள். அங்கே முழு நர்சாகப் பதிவு பெற ஜெர்மன் மொழியில் பி2 அளவுக்குத் தேற வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால்கூட வாய்க்குள் ஜெர்மன் வினைச்சொல்லைத்தான் முணுமுணுக்கிறாள். இங்கிலாந்து போகிறவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு. சரியான விதிதான். நோயாளி சொல்வது புரியாதவர் நோயாளியைத் தொடக் கூடாது. அதே விதி இங்கே வருகிறவர்களுக்கு ஏன் "வணக்கம்", "நன்றி" என்ற இரண்டு வார்த்தையோடு முடிந்துவிடுகிறது? வேலைக்குப் போவதும் ஆறு வாரம் படிக்க வருவதும் ஒன்றல்ல, பி2 கேட்க முடியாது, தெரியும். "எங்கே வலிக்குது", "எத்தனை மாசம்", "தொடலாமா" என்ற அளவுக்காவது கற்றுக்கொண்டு வரலாம் இல்லையா? மூன்றாவது கேள்வி மிக முக்கியம்.

உலகத்தில் 59 லட்சம் நர்சுகள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. அதில் பத்தில் ஒன்பது பங்கு ஏழை நாடுகளிலும் நம்மைப் போன்ற நாடுகளிலும். நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள், நம் நர்சம்மாக்கள் இங்கே அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். ஏற்கெனவே பதிவேடு, ஆன்லைன் பதிவு, தடுப்பூசி முகாம் என்று மூச்சு விட நேரமில்லாதவர், கூட நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். மொழிபெயர்ப்பும் அவர் தலையில். இதற்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடையாது. மாணவியின் ரெகார்டில் அவர் பெயர்கூட இல்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கற்பித்தல் பயிற்சிக்குப் போனால் எடுத்ததும் கரும்பலகையைத் தொட விடமாட்டார்கள். முதலில் பின் பெஞ்சில் உட்கார்ந்து வழிகாட்டி ஆசிரியர் நடத்துவதைக் கவனிக்க வேண்டும். பாடக் குறிப்பில் அவர் கையெழுத்து இல்லாமல் வகுப்பு எடுக்க முடியாது. அந்த டீச்சர் பெரிய பட்டம் வாங்கியவராக இருக்கமாட்டார். ஆனாலும் அந்த வகுப்பில் அவர்தான் குரு.

மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் என்று ஓர் ஊர் இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் படித்த ராஜ் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி 1970இல் அங்கே கிராம சுகாதார வேலையைத் தொடங்கினார்கள். 1979இல் அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் சுகாதாரப் பணியாளராகப் பயிற்சி கொடுத்தது கிராமத்துப் பெண்களுக்கு. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பலர் தலித் பெண்கள். வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கு அந்தப் பெண்களே முன்னால் நின்று பாடம் சொல்கிறார்கள். பிரசவம் எப்படிப் பார்த்தோம், குழந்தை எடை ஏன் ஏறவில்லை, சாதிக் கட்டை எப்படித் தாண்டினோம் என்று அவர்கள் பேச, டிகிரி வாங்கப்போகிற பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள். அங்கே யார் டீச்சர் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

நம் பக்கத்திலும் இதைச் செய்வது கஷ்டமில்லை. முதல் இரண்டு வாரம் வெறும் கவனிப்பு. ரெகார்டில் வழிகாட்டிச் செவிலியர் என்று ஒரு கட்டம், அதில் நர்சம்மா கையெழுத்து, மதிப்பெண்ணில் ஒரு பங்கு அவர் போடுவது. அவர் கூட நடந்த நாட்களுக்குத் தனியாக மதிப்பூதியம். கட்டணம் வாங்குகிற இடங்கள் இருக்கின்றன, அதிலிருந்து கொடுக்கட்டும். குழந்தையோடு போட்டோ எடுப்பதானால் தாயிடம், அவளுக்குப் புரிகிற தமிழில் கேட்டு, அவள் சரி என்றால் மட்டும். அங்கிருந்து ஒரு மாணவி வந்தால் இங்கிருந்து ஒருத்தி அங்கே போய்ப் படிக்க வேண்டும். இது ஆசைக்குச் சொல்வதில்லை. ஸ்வீடன் அரசுப் பணத்தில் நடந்த லின்னேயஸ்-பால்மே திட்டத்தில் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும் என்பதே அடிப்படை.

நம் நர்சிங் கல்லூரிப் பிள்ளைகளையும் விடக் கூடாது. சமுதாய சுகாதாரப் பயிற்சி என்று பஸ்ஸில் வந்து இறங்கி, பத்து வீட்டில் பெயர் எழுதிக்கொண்டு, மதியம் கிளம்பிவிடுகிறார்கள். வெளிநாட்டுக்காரி ஆறு வாரம் நடந்து கற்றதை நம் பிள்ளை ஆறு மணி நேரத்தில் எழுதி முடிக்கிறாள். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கே கை வலிக்கிறது.

செவிலியர் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்கள் மாணவர்கள் ரெகார்டில் கிராம சுகாதார செவிலியர் கையெழுத்துப் போட இடம் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள். எங்கள் நர்சம்மாவுக்குக் காட்ட வேண்டும், அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார்.