எந்தப் பல்கலைக் கழகம்?

சென்ற திங்கள் ஓர் இரவு, குன்னத்துகாலில் உள்ள நம் இல்லத்துத் தொலைபேசி ஒலித்தது. மேற்படிப்புக்கென யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய உறவினர் மகள், “மாமா, வாயிற்கதவு பூட்டியிருக்கிறது, ஒருவரையும் காணோம்” என்று விம்மினாள்.

நடந்தது இதுதான். வாடகைக் கார் ஓட்டுநரிடம் அவள் ‘கேரளப் பல்கலைக் கழகம்’ என்று மட்டும் கூறினாள். அவர் பாளையத்திலுள்ள தலைமை அலுவலகத்தின் முன் இறக்கிவிட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகமாகத் தோன்றி, 1957-இல் கேரளப் பெயர் பூண்ட அந்நிறுவனத்தின் அலுவலகம் பாளையத்தில்தான் உள்ளது. ஆயின் தமிழ்த்துறை முதலான பல துறைகள் நகருக்கு வடக்கே காரியவட்டத்தில் இருக்கின்றன. நகரில் வாழும் நம் அலுவலக நண்பர் விரைந்து சென்று, அவளைத் தம் வீட்டில் தங்கவைத்தார். மறுநாளே காரியவட்டம் சேர்ந்தாள்.

ஆதலின் அன்பர்களே, கடல் கடந்து வரும் நம் பிள்ளைகளுக்கு முன்னரே எழுதுங்கள்: பகலில் வந்திறங்குவது நலம். ‘காரியவட்டம்’ என்று மலையாளத்தில் எழுதிய தாள் கையில் இருக்கட்டும். எல்லையூரினராகிய நமக்கு அவ்வெழுத்து தெரியுமன்றோ? சாக்கையிலிருந்து புறவழிச் சாலையில் கழக்கூட்டம் சென்று திரும்பினால் போதும். நகருக்குள் நுழைய வேண்டுவதில்லை. பிள்ளைகளைக் காண ரயிலில் செல்வோர், கழக்கூட்டத்தில் நிற்கும் வண்டிதானா என்று கேட்டு ஏறுக.

ஊர்ப்பெயர் ஒன்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். சொல்லத் தவறியதால் ஒரு பெண்பிள்ளை நள்ளிரவில் தெருவில் நின்றாள். அத்தவறு நம்முடையதே.