கல்யாணம் ஆனாலும் கிம்தான்!

கொரிய சீரியல் பார்க்கும் தோழிகளுக்குத் தெரிந்திருக்கும். அங்கே யாரைப் பார்த்தாலும் கிம்! தென்கொரியாவில் ஐந்தில் ஒருவருக்கு அதுதான் குடும்பப் பெயர். 2000-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அதிபர் கிம் டே ஜங் ஒரு கிம். 2010 ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் வென்ற கிம் யூனா இன்னொரு கிம்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அங்கே கல்யாணமான பெண் பெயரை மாற்றுவதில்லை. அதிபர் மனைவியாக இருந்தும் லீ ஹீ ஹோ கடைசி வரை லீதான். 2022-இல் மணமான யூனாவும் கிம்தான். (குழந்தைக்கு மட்டும் பெரும்பாலும் அப்பா பெயர்தான். ஹூம்!)

நம் வீட்டிலோ தாலி ஏறியதும் இனிஷியல் மாறிவிடுகிறது. சர்டிபிகேட்டில் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று. இரண்டும் நானேதான் என்று நிரூபிக்க எத்தனை நடை நடந்திருப்பேன்! மாற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லையே! தையில் கல்யாணமாகப் போகும் என் மகளுக்கு இனிஷியல் மாறாது என்று சம்பந்தியம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

- ஒரு வாசகி, திருச்சி