நாய் இடுக்கி

சர்ச்சுக்குள் நாய்க்கு என்ன வேலை? வேல்ஸ் நாட்டுக்காரரிடம் இதைக் கேட்டால், 'எஜமானுக்கு என்ன வேலையோ அதே வேலைதான்' என்பார்.

வேல்ஸின் வடமேற்கு மூலையில் ஆங்கில்சி என்று ஒரு தீவு. அங்கே கடலோரமாக லனைலியன் என்று ஒரு சின்ன ஊர். ஊர் சர்ச்சின் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டு. மற்றதில் பெரும்பகுதி 15-ஆம் நூற்றாண்டு. உள்ளே போனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது சிலுவையையோ சிலையையோ இல்லை. அங்கே இருக்கும் நாய் பிடிக்கிற இடுக்கியை!

மரத்தில் செய்தது. 1748 என்று வருஷம் போட்டிருக்கிறது. பழைய கட்டடங்களில் லிஃப்டுக்கு இழுத்துச் சாத்துகிற மடக்குக் கதவு பார்த்திருப்பீர்களே, அதே டெக்னிக். கைப்பிடியை அழுத்தினால் குறுக்குச் சட்டங்கள் விரிந்து, நீண்டு, எட்டத்தில் இருக்கிற நாயை லபக்கென்று கவ்வும். அப்படியே வெளியே கொண்டுபோய் விட்டுவிடலாம். பிடிக்கிற ஆளுக்குக் கடி விழாது.

ஆடு மேய்க்கிற பூமி அது. மேய்ப்பன் எங்கே போனாலும் நாய் பின்னாலேயே வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதே என்றால் அதற்குப் புரியுமா? வந்து பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். அடுத்த பெஞ்சுக்கு அடியில் இன்னொரு நாய். பாதிரியார் அன்பு, சமாதானம் என்று பிரசங்கத்தில் சூடு பிடிக்கும்போது கீழே உலக யுத்தம் ஆரம்பிக்கும்.

'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு பலகை மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. வரட்டும், சண்டை போட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இடுக்கி செய்தார்கள். ஜனங்கள் எப்படி இருக்கவேண்டும் என்று பிரசங்கம் சொல்லும். எப்படி இருந்தார்கள் என்று இடுக்கிதான் சொல்கிறது.

அதே சர்ச்சில் மற்ற சாமான்களையும் பாருங்கள். பீடத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில், செதுக்கு வேலை செய்த மரத் தடுப்பு. அதன் மேலே ஒரு பரண். பரணின் முகப்பில் அரிவாளோடு ஓர் எலும்புக்கூடு வரைந்து, சாவையும் பாவத்தையும் பற்றி வேல்ஸ் மொழியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். பிரசங்கம் நீண்டு, கண் சொருகி, திடுக்கிட்டு நிமிர்ந்தால் எதிரே எமன்! தூக்கம் போயே போச்சு. இந்த மாதிரிப் பரண்களை 16-ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் என்று ஊர் ஊராக இடித்தார்கள். இது தப்பித்தது.

ஆணி அடித்த மர உண்டியல் ஒன்று. அதில் 1667 என்று இருக்கிறது. பக்கத்துச் சிற்றாலயத்தில் புனிதர் எலியனின் பெயரால் ஒரு குறுகலான மர அடைப்பு. உள்ளே புகுந்து சிரமம் இல்லாமல் திரும்பிவிட்டால் ஆயுசு கெட்டி என்று நம்பினார்கள். தொப்பைக்காரர்கள் முயற்சி பண்ணாமல் இருப்பதே ஆயுசுக்கு நல்லது.

உண்டியலும் இடுக்கியும் அவை இருக்கவேண்டிய இடத்திலேயே இருப்பதால்தான் இந்தக் கதையெல்லாம் நமக்குக் கிடைக்கிறது. இடம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே தீவில் சாட்சி இருக்கிறது.

பியூமாரிஸ் என்ற ஊரின் சர்ச் முகப்பில் ஒரு கல் சவப்பெட்டி. மூடியில் பெண்ணுருவம். இங்கிலாந்து அரசர் ஜானின் மகள், வேல்ஸை ஆண்ட லிவெலினின் மனைவி ஜோன் என்பவளுடையது என்று சொல்கிறார்கள். அவள் இறந்தது 1237-இல். அவள் நினைவாகவே கணவன் பக்கத்தில் ஒரு துறவி மடம் கட்டினான். முந்நூறு வருஷம் கழித்து எட்டாம் ஹென்றி மடங்களை இழுத்து மூடினார். மடம் போனது. ராணியின் சவப்பெட்டி என்ன ஆயிற்று தெரியுமா? குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி! 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதற்கு விமோசனம் கிடைத்தது.

ராணிக்கே அந்தக் கதி என்றால் நாய் இடுக்கிக்கு?

கேள்வி வேடிக்கைக்கு இல்லை. வேல்ஸில் ஆள் வராமல் சர்ச்சுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. நாதியற்ற சர்ச்சுகளின் நண்பர்கள் என்ற பெயரிலேயே ஒரு சங்கம் 1957-இல் ஆரம்பித்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 60-க்கும் மேற்பட்ட சர்ச்சுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. சாமான்களைக் கழற்றி மியூசியத்தில் வைக்காமல் அங்கங்கே விட்டுவைப்பதில்தான் விசேஷம். கண்ணாடிப் பெட்டிக்குள் இடுக்கி இருந்தால் அது வெறும் கருவி. பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால் நாய் குரைப்பது காதில் விழும்.

அந்தக் காலத்தில் நாயை வெளியே அனுப்ப இடுக்கி தேவைப்பட்டது. இப்போது மனுஷனை உள்ளே இழுக்க ஒன்று தேவைப்படுகிறது!