வீட்டில் தமிழ்: முற்றுப்பெறும் விடை

சென்ற கோடை விடுமுறையில், கும்பகோணத்திலுள்ள என் தமக்கையார் தில்லியில் வளரும் என் பேரனுடன் தொலைபேசியில் பேசினார்.

"என்ன சாப்பிட்டாய்?" "ரொட்டி." "எங்கே போயிருந்தாய்?" "பார்க்." "யாருடன்?" "அப்பா."

உரையாடல் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பிறகு அவர் என்னிடம், "பிள்ளைக்கு என்மேல் ஏதேனும் வருத்தமா?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு கனத்தது. வருத்தம் ஒன்றுமில்லை, சொற்களை முடித்துவைக்கும் வினைமுற்று அவனுக்கு வசப்படவில்லை, அவ்வளவே. குறையும் அவனுடையதன்று, வீட்டில் ஒற்றைச் சொல்லால் பேசிப் பழக்கியவர்கள் நாமே.

தமிழில் 'போனேன்' என்பது ஒரே சொல்லாயினும் முழு வாக்கியம். சென்றவன் யார், எப்போது என்பதை அதன் விகுதியும் இடைநிலையும் உணர்த்திவிடுகின்றன. இந்தியிலோ 'கயா' என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றிற்கும் பொதுவாய் வரும். அம்மொழிச் சூழலில் வளரும் குழந்தை, பெயர்ச்சொல்லை மட்டும் விடையாகக் கூறிவந்தால், தமிழ் விகுதிகளைப் பழகும் வாய்ப்பே வாய்க்காது. "தாத்தா வந்தது", "அக்கா போனான்" என்னும் பிழைகள் நிலைப்பது இதனாலேயே.

இதற்காக, வினாவை முழுமையும் திருப்பிச் சொல்லுமாறு பள்ளியாசிரியரைப் போல வற்புறுத்த வேண்டா. "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டேன்" என்பதே நிறைந்த விடை. நன்னூலார் விடையை 8 வகையாகப் பகுத்தார். "பால் வாங்கி வருகிறாயா?" என்றதற்கு "கால் வலிக்கிறது" என்பதும் அவற்றுள் ஒன்று, உற்றது உரைத்தல் என்பது அதன் பெயர். சாக்குச் சொல்வதையும் விடையாக ஏற்றுக்கொண்ட இலக்கணம் நம்முடையது! குழந்தை அந்தச் சாக்கையேனும் தமிழில் முடித்துச் சொல்லட்டும்.

பெற்றோர் செய்யத்தக்கவை மூன்று. 'ம்' என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறைத்து, "இன்று வகுப்பில் என்ன நடந்தது?" என்பன போன்றவற்றைக் கேளுங்கள். குழந்தை பிழையாகப் பேசினால் இடைமறித்துத் திருத்தாமல், திருந்திய வடிவத்தை உங்கள் மறுமொழியில் இயல்பாக வழங்குங்கள். மூன்றாவதாக, குழந்தை கேட்கும்போது நீங்களும் முழு வாக்கியத்தில் விடை கூறுங்கள். இதற்குத் தனி நேரம் வேண்டா. இரவு உணவு வேளையே போதும்.

சென்ற வாரம் தமக்கையார் மீண்டும் பேசினார். "அத்தைப்பாட்டி, நேற்று மழை வந்தாள். நான் நனைந்தேன்" என்றான் பேரன். இந்தியில் மழை பெண்பால். அதன் சாயல் ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்தாரே தவிரத் திருத்தவில்லை. "மழை வந்ததா? நன்றாக நனைந்தாயா? அப்புறம்?" என்றார்.

அந்த 'அப்புறம்' அரைமணி நேரம் நீடித்தது.