வேலையைப் பிள்ளை தெரிவு செய்யட்டும், பயம் அல்ல

தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போனால் லயம் முழுக்கச் சந்தோஷம். கோயிலில் பொங்கல் வைக்கிறோம், கமிட்டிக் கூட்டத்தில் மாலை போடுகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்ப வேலை கிடைக்கும்?" என்ன வேலை செய்ய விருப்பம் என்று யாரும் கேட்பதில்லை.

கொழும்புத்துறையில் அறை எடுத்துத் தங்கி, திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் மலையகப் பிள்ளைகள் சிலரோடு அண்மையில் பேசினோம். நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்தவர்கள். கலைப்பீடத்தில் படிக்கிறார்கள். மூன்று வருடப் பொதுப் பட்டமா, நான்கு வருடச் சிறப்புப் பட்டமா என்று முடிவெடுக்கிற நேரம். நல்ல புள்ளி எடுத்த ஒரு மாணவிகூட, "மூணு வருஷமே போதும், சீக்கிரம் டீச்சர் வேலைக்குப் போகணும்" என்றார். ஏன் என்று கேட்டோம். "நம்மளால வேற என்ன முடியும்?" என்றார். இன்னொரு மாணவருக்குப் பல்கலைக்கழகத்தில் தொழில் வழிகாட்டல் அலகு இருப்பது தெரியும். உள்ளே போய் என்ன கேட்பது என்று தெரியாமல் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறார்.

ஆசிரியர் தொழிலை நாம் குறைத்துப் பேசவில்லை. நாமே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். விரும்பி வருகிற ஒரு ஆசிரியர் பள்ளிக்கூடத்தையே தூக்கி நிறுத்துவார். வேறு வழி இல்லையென்று வருகிறவர் முதல் நாளிலிருந்தே இடமாற்றத்தைத் தேடுவார். பாதிக்கப்படுவது நம் பிள்ளைகள்தான். அந்த ஒரு வாசலும் எப்போதும் திறந்திருப்பதில்லை. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 2020 இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தபோது கொடுத்தது மாதம் 20,000 ரூபா.

தன்னம்பிக்கை பிறவிக்குணம் அல்ல. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977 இலேயே இதை விளக்கினார். ஒரு காரியத்தைத் தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைக் காண்பது, நம்பிக்கையானவர்கள் "உன்னால் முடியும்" என்று சொல்வது, மனப்பதற்றம் குறைவது ஆகிய நான்கு வழிகளில் அது வளர்கிறது என்றார். டாக்டரும் எக்கவுண்டனும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இவை சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கின்றன. லயத்துப் பிள்ளை பார்த்து வளர்ந்த படித்தவர் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர்தான். அதனால் அந்த ஒரு வேலைதான் கண்ணில் படுகிறது. இதில் பிள்ளையின் குறை ஒன்றுமில்லை.

காசுக் கணக்கையும் மறைக்க வேண்டாம். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. மகாபொல உதவி 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது. அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் பஸ் காசு எல்லாம் இதற்குள். கடன் உள்ள வீட்டில், சீக்கிரம் உழைக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை முடிவெடுத்தால் அது பிழையல்ல. ஆனால் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு வேறு, "என்னால் முடியாது" என்று பயந்து எடுத்த முடிவு வேறு.

இது சங்கத்தின் வேலையும்தான். சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் நம் அன்றாடப் பிரச்சினை. முதலாளி 12 வீதமும் நாம் 8 வீதமும் கட்ட வேண்டிய காசு அது. அந்த முறைப்பாட்டோடு தொழில் திணைக்களத்துக்குப் போகும்போது மேசைக்கு அந்தப் பக்கம் லயத்தில் வளர்ந்த ஒரு அலுவலர் இருந்தால் எப்படி இருக்கும்? நிர்வாக சேவை, கணக்காளர் சேவை, தொழில் அலுவலர் என்று போட்டிப் பரீட்சைகள் பட்டதாரிகளுக்கு உண்டு. வயதெல்லையும் உண்டு. தெரியாமலே வயது கடந்துவிடக் கூடாது. மடகும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியராக இருந்தார், 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார், தொழிற்சங்கம் நடத்தினார், கவிதையும் எழுதினார். நம்மவருக்கு ஒரே பாதைதான் என்று யார் சொன்னது?

பெற்றோரே, விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் என்ன படிக்கிறாய், எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். வீட்டுக் கடனையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சேர்ந்தே கணக்குப் பாருங்கள். மாணவர்களே, வழிகாட்டல் அலகுக்குத் தனியாகப் போகத் தயக்கமென்றால் நான்கு பேராகப் போங்கள். சிங்களமும் ஆங்கிலமும் இப்போதிருந்தே படியுங்கள். ஒரு பரீட்சைக்கு விண்ணப்பித்துப் பாருங்கள், தவறினால் அடுத்ததற்கு எழுதுங்கள்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் பிறந்து இன்று எங்கெங்கோ வேலை செய்யும் பட்டதாரிகளின் பெயர்ப் பட்டியலை எழுதுங்கள். தாதி, வங்கி அலுவலர், பொறியியலாளர் என்று யார் இருந்தாலும் சரி. திருவிழாவுக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் நம் மாணவர்களோடு உட்காரச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. அடுத்த மாதக் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுங்கள்.