20 ஸ்டார் வாங்கினால் போதுமா?

பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினோம் என்று சொல்லும் பெற்றோர் பலர். வாங்கியதும் ஒரு கணக்கு புரோகிராமை இன்ஸ்டால் செய்து தருகிறார்கள். அதில் பெருக்கல் என்பதை கிளிக் செய்தால் 20 பெருக்கல் கணக்குகள் வரிசையாக வரும். பையன் எல்லாவற்றையும் சரியாகப் போட்டு 20 ஸ்டார் வாங்கிவிடுவான். நமக்கும் சந்தோஷம். ஆனால் அடுத்த வாரம் பரீட்சையில் அதே பையன் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டு வருகிறான். ஏன்?

எல்லாமே பெருக்கல் என்று தெரிந்துவிட்டால் கணக்கைப் படிக்கவே வேண்டாம். கண்ணில் படும் இரண்டு எண்களைப் பெருக்கினால் போதும். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று யோசிக்கும் வேலையைத் தலைப்பே செய்து விடுகிறது. பரீட்சைத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. நான் சாப்ட்வேர் எழுதுபவன். ஒரே மாதிரி டேட்டாவை மட்டும் கொடுத்து ஒரு புரோகிராமைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று சொன்னால் எங்கள் துறையில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

இதற்கு ஆதாரம் உண்டு. தென் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி டெய்லர், டக் ரோரர் இருவரும் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 4-ம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்குப் பட்டகத்தின் முகங்கள், விளிம்புகள், முனைகள், கோணங்கள் ஆகியவற்றைக் கணக்கிடச் சொல்லித் தந்தார்கள். பாதிப் பேர் வகை வகையாகவும், மீதிப் பேர் கலந்தும் பயிற்சி செய்தார்கள். பயிற்சியின்போது வகை வகையாகச் செய்தவர்களே அதிகம் சரியாகப் போட்டார்கள். மறுநாள் தேர்விலோ கலந்து செய்தவர்கள் 77 சதவீதம், மற்றவர்கள் 38 சதவீதம்!

உங்கள் வீட்டு எக்செல் மூலமே இப்படிக் கலந்த பயிற்சித்தாள் தயாரிக்கலாம். 'ஏ' காலத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஒவ்வொன்றிலும் ஐந்து என 20 வாக்கியக் கணக்குகளை டைப் செய்யுங்கள். 'பி' காலத்தின் முதல் செல்லில் ஈக்குவல் குறி, தொடர்ந்து ஆர், ஏ, என், டி என்ற நான்கு ஆங்கில எழுத்துக்கள், பிறகு ஒரு திறக்கும் பிராக்கெட், ஒரு மூடும் பிராக்கெட் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஓர் எண் வரும். அதை 20-வது வரிசை வரை இழுத்து விடுங்கள். இரண்டு காலங்களையும் செலக்ட் செய்து, 'பி' காலத்தின்படி சார்ட் செய்தால் கணக்குகள் கலைந்துவிடும். 'ஏ' காலத்தை மட்டும் பிரிண்ட் எடுங்கள். மீண்டும் சார்ட் செய்தால் வேறு வரிசை கிடைக்கும்.

ஒன்று கவனியுங்கள். புதிய பாடத்தை முதலில் தனியாகவே சொல்லிக் கொடுக்க வேண்டும். புரிந்த பிறகுதான் கலக்க வேண்டும். தவறுகள் ஆரம்பத்தில் கூடும். அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். விடையைப் பார்ப்பதோடு, "ஏன் இங்கே வகுத்தாய்?" என்றும் கேளுங்கள்.

அடுத்த முறை கல்வி சாப்ட்வேர் வாங்கும்போது, கணக்குகளைக் கலந்து கேட்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எத்தனை ஸ்டார் தருகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.